அது என் மீன் இல்லை

"கையெழுத்து மட்டும் போட மாட்டேன்!" என்று சொல்லிக்கொண்டேதான் அந்த அம்மாள் உள்ளே வந்தாள்.

"நாங்க இன்னும் பேப்பரே நீட்டலையேம்மா. முதல்ல உக்காருங்க" என்றான் கொழுந்தன்.

பூட்டு ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அழுதுகொண்டு வருவார்கள். சிலர் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவார்கள். சண்டைக்கு வருகிற மாதிரி வந்தது இந்த அம்மாள்தான். ஐம்பதை நெருங்கும் வயது. முழங்கை வரை மடித்துவிட்ட நீலச் சட்டை, அதன் பையில் ஒரு மீன் படம். விரல் நுனிகள் நாளெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணி. பத்தொன்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில், எரிந்த கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று மோப்பம் பிடிக்கும் வேலை பார்த்தவள். ஒருநாள் மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, சொந்தமாகத் துப்பறியும் நிலையம் போட்டுவிட்டாள். கணவர் கப்பல் இன்ஜினியர். வருஷத்தில் ஆறு மாதம் கடலில் இருப்பார், மீதி ஆறு மாதம் சோபாவில் இருப்பார். அதனால் கார் ஓட்டுவது, ஆளைப் பின்தொடர்வது, வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் அவருடைய தம்பியின் தலையில் விழுந்தது. வயது நாற்பத்திரண்டு, தலையில் முடி இல்லை, வாயில் பூட்டு இல்லை. உதவியாளர் என்று யாராவது சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். பார்ட்னர் என்று சொன்னால் அண்ணிக்குக் கோபம் வரும். இரண்டுக்கும் பொதுவாக எல்லோரும் அவனைக் கொழுந்தன் என்றே கூப்பிட்டார்கள்.

"நான் மீன் காட்சியகத்துல தொட்டிங்களைப் பாத்துக்கிறவ. தொட்டியம்மான்னா அங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள் வந்தவள். இரண்டு தாள்களை மேஜைமேல் போட்டாள். ஒன்று டைப் அடித்த ராஜினாமா கடிதம். இன்னொன்று கையால் எழுதிய புகார்.

அண்ணி புகாரை உரக்கப் படித்தாள். "‘பதினான்காம் எண் தொட்டியில் இருந்த, உலகில் வெகு சிலரே உயிரோடு பார்த்திருக்கிற மிக அரிய தென்னமெரிக்க நன்னீர் மீன்கள் பன்னிரண்டையும் திருடி வெளியாட்களுக்குக் கொடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் ஒன்றுக்கும் உதவாத வேறு மீன்களைப் போட்டு வைத்திருக்கிறார்.' எழுதினது யாரு?"

"எங்க நிபுணர். எந்த மீன் எந்த இனம்னு முடிவு பண்றவர் அவர்தான். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள குத்தத்தை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வேலையை விட்டுப் போயிடணுமாம். இல்லேன்னா போலீஸாம். வரட்டும்! என் மாமியார் பத்து வருஷம் என்மேல குத்தம் தேடினாங்க. அவங்களே என்னைத் திருடின்னு சொன்னதில்லை."

கொழுந்தனுக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது. "எவ்வளவு பெரிய மீன்மா?" என்றான்.

"என் சுண்டுவிரல்ல பாதி."

"பன்னெண்டும் சேர்ந்தா ஆறு சுண்டுவிரல். இதுக்குப் போலீஸா?"

"நீ சும்மா இரு" என்று அவனை அடக்கிவிட்டு, "முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி.

தொட்டியம்மா சொன்னாள். பென்சில் மீன் என்று ஒரு குடும்பம். ஒல்லியாக, நீளமாக இருக்கும். பதினாலு மாதத்துக்கு முன்னால் பன்னிரண்டு மீன்கள் ஒரு பெட்டியில் வந்தன. மூக்கிலிருந்து வால் வரை ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரே கறுப்புக் கோடு. தலையைத் தூக்கிக்கொண்டு சாய்ந்தே நீந்தும். தீனி போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் அவள்தான். நேற்றுக் காலை ஆறரை மணிக்கு இயக்குநர் போன் பண்ணி வரச் சொன்னார். வீடு பக்கத்துத் தெருதான், ஓடினாள். தொட்டிக்கு முன்னால் நிபுணர் டார்ச்சோடு நின்றிருந்தார். எட்டிப் பார்த்தாள்.

"கோடு இல்லை. எதுலயும் இல்லை. உடம்பு வெளுத்துக் கிடக்கு, ஒவ்வொண்ணுலயும் மூணு கறுப்புத் திட்டு. எனக்கு உசுரே போயிடுச்சு. ‘அது என் மீன் இல்லை'ன்னு கத்திட்டேன். இயக்குநர் அதை அப்படியே எழுதிக்கிட்டார். நானே எனக்கு எதிர்ச்சாட்சி."

"அப்புறம்?"

"அடையாளத்துக்குன்னு மூணை அங்கேயே கொன்னு ஸ்பிரிட் பாட்டில்ல போட்டார் நிபுணர். மீதி ஒம்பதை வாளில போட்டு, மூடி, கறுப்புத் துணியைச் சுத்தி, சீல் வெச்சு, ஸ்டோர் ரூம்ல பூட்டிட்டார். இன்னிக்கு அஞ்சு மணிக்கு அதையும் சாக்கடையில ஊத்திடுவாங்க."

அண்ணி நாற்காலியில் சாய்ந்தாள். "மீனை மாத்தி வெச்சவளா இருந்தா, ‘மாறவே இல்லை, இது அதே மீன்தான்'னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருப்பா. ‘என் மீன் இல்லை'ன்னு முதல் ஆளா கத்தினவ திருடி இல்லை. இந்த கேஸை நான் எடுத்துக்கிறேன்."

தொட்டியம்மாவின் கண் சட்டென்று கலங்கியது. உடனே அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பன்னெண்டுல ஒண்ணையாவது தனியா அடையாளம் சொல்ல முடியுமா?"

"பன்னெண்டையும் சொல்வேன்."

"சுண்டுவிரல்ல பாதியிலயா!" என்று வாயைப் பிளந்தான் கொழுந்தன்.

"உங்க வீட்ல ஆறு பேர் இருந்தா அடையாளம் தெரியாதா? வாலோட கீழ்ப் பாதியில ஒருத்தனுக்கு ஒரு வெட்டு. குழாய்ல மாட்டிக்கிட்டான். வாலறுந்தான்னு கூப்பிடுவேன். ஒருத்திக்கு இடது கண்ணுல வெள்ளைப் பொட்டு. ஒருத்திக்கு முதுகு லேசா கூன்."

அண்ணி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அப்போது மணி மூன்று.

*

காட்சியகத்தின் வாசலில் காவலாளி ஒரு பெரிய பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும், நேரம், வந்த காரணம் இரண்டையும் அவரவர் கையால் எழுத வேண்டும். கொழுந்தன் காரணம் என்ற இடத்தில் ‘அண்ணி சொன்னதால்' என்று எழுதினான். அண்ணி முன்பக்கங்களைப் புரட்டினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இதைப் போட்டோ எடு."

கொழுந்தன் குனிந்து படித்தான். போன வியாழக்கிழமை, காலை ஆறு மணி. நிபுணரின் கையெழுத்து. காரணம்: மீன் பார்க்க.

"மீன் பாக்க ஆறு மணிக்கா? அது மீன் மார்க்கெட்டுக்குப் போற நேரமாச்சே அண்ணி!"

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்ற அண்ணி, காவலாளியிடம் திரும்பினாள். "ராத்திரி நீங்க தொட்டி இருக்கிற கூடத்துக்குள்ள ரவுண்டு போவீங்களா?"

"எதுக்குங்க? பூட்டிட்டு வாசல்ல இருப்பேன். மீன் எங்க எழுந்து போகப் போகுது?"

கூடத்தில் ஒரு ஜன்னல்கூட இல்லை. இருபத்திரண்டு தொட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு. பதினான்காம் எண் தொட்டி மட்டும் வெறும் தண்ணீரும் இலைகளுமாக நின்றது. தொட்டியம்மா அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்த வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது கொழுந்தனுக்கு. அவனுக்கே அதிசயமாக, ஜோக் எதுவும் வரவில்லை.

அண்ணி சுவரில் இருந்த ஒரு சின்னப் பெட்டியைத் தட்டினாள். "இது என்ன?"

"விளக்குக்கு டைமர். காலையில எட்டு மணிக்குத் தானா எரியும். சாயங்காலம் ஏழுக்குத் தானா அணையும்."

"உங்க வேலை நேரம்?"

"ஒம்பதுலேருந்து ஆறு. நேத்து மட்டும்தான் ஆறரைக்கு வந்தேன்."

"பதினாலு மாசத்துல எட்டு மணிக்கு முன்னாடி ஒரு நாளாவது உள்ள வந்திருக்கீங்களா? ஏழு மணிக்கு அப்புறம்?"

"அதுக்கு அனுமதி கிடையாதுங்க. நிபுணரும் இயக்குநரும் வரலாம். நாங்க வரக் கூடாது."

அண்ணியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அந்தச் சிரிப்பைக் கொழுந்தனுக்குத் தெரியும். யாரோ ஒருவருக்கு இன்று சாயங்காலம் நன்றாக இருக்கப் போவதில்லை என்று அர்த்தம்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பலகை தொங்கியது. ‘சாதாரணப் பென்சில் மீன். வீட்டுத் தொட்டிகளில் பரவலாக வளர்க்கப்படுவது. அடையாளம் கண்டவர்' என்று போட்டு, கீழே நிபுணரின் பெயரும் அவருடைய மூன்று பட்டங்களும்.

"அது தப்பு" என்றாள் தொட்டியம்மா.

"எது?"

"பலகை. சாதாரண வகைக்கு, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல கடுகளவு ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். இதுங்களுக்கு இல்லை. வால்ல கறுப்பு கீழ்ப் பாதில மட்டும்தான். நூலகத்துல பழைய புத்தகம் ஒண்ணு இருக்கு. எங்கேயோ ஒரே ஒரு ஓடையில மூணு மீன் பிடிச்சு, ஸ்பிரிட்ல போட்டு, அதைப் பாத்துப் படம் வரைஞ்சிருக்காங்க. அச்சு அசல் இதேதான். நிபுணர்கிட்ட சொன்னேன். ‘தொட்டி கழுவறவங்க தொட்டியைக் கழுவினாப் போதும்'னார். ஏழு தடவை சொன்னேன், ஏழு தடவையும் அதையேதான் சொன்னார். சரின்னு, வெளிநாட்ல இந்த மீனுக்குன்னே இருக்கிற ஒரு ஆராய்ச்சியாளருக்கு நானே போட்டோவோட எழுதிட்டேன். நேத்துப் பத்து மணிக்கு நேர்ல வர்றதா இருந்தார். மீன் திருட்டுப் போச்சுன்னு சொல்லி வர வேண்டாம்னுட்டாங்க."

"இது நிபுணருக்குத் தெரியுமா?"

"போன புதன்கிழமைதான் இயக்குநர் அவர்கிட்ட சொன்னார்."

அண்ணி பலகையில் இருந்ததை எழுத்து விடாமல் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். போட்டோ எடுக்க வேண்டியதுதானே என்று நினைத்தான் கொழுந்தன். கேட்டால் திட்டு விழும் என்று விட்டுவிட்டான்.

*

இயக்குநர் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் மீன் இல்லை, பேனாக்கள் இருந்தன. எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் தலையாட்டுகிற மனுஷர் அவர். பக்கத்தில் நிபுணர், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். மேஜைமேல் ஸ்பிரிட் பாட்டில், அடியில் மூன்று சின்ன மீன்கள். தொட்டியம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அண்ணியும் கொழுந்தனும் மட்டும் உள்ளே போனார்கள்.

"துப்பறியற பொம்பளை!" என்றார் நிபுணர். "இதுல துப்பறிய என்னம்மா இருக்கு? அவங்களே ஒத்துக்கிட்ட விஷயம்."

"அதான் சார், முடிச்சு வெச்சிடலாம்னுதான் வந்தோம்" என்று அண்ணி பவ்யமாகச் சொன்னாள். அண்ணி பவ்யமாகப் பேசினால் கொழுந்தன் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வான். "நேத்து எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?"

இயக்குநர் ஒரு கவரை நீட்டினார். இருட்டில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்கள். வெளுத்த மீன்கள், ஒவ்வொன்றிலும் மூன்று திட்டு. நான்காவது படத்தில் ஒரு மீனின் வாலில், கீழ்ப் பாதியில், ஒரு வெட்டு.

"வாலறு..." என்று கொழுந்தன் ஆரம்பிப்பதற்குள் அண்ணியின் செருப்பு அவன் காலை மிதித்தது.

"என்ன?" என்றார் நிபுணர்.

"வாயுங்க சார். வாயுத் தொல்லை" என்றான் கொழுந்தன் வலியோடு. பிறகு குனிந்து அண்ணியின் காதில் சொன்னான்: "மீன் அதே மீன்தான் அண்ணி! சட்டைதான் வேற!"

"நீ ராத்திரி என்ன போட்டுக்கிட்டுத் தூங்குவே?" என்று அண்ணி கிசுகிசுத்தாள்.

"கைலி. ஏன்?"

"அதைப் போட்டுக்கிட்டு ஆபீஸுக்கு வருவியா? சரி, உனக்கு எண்ணத் தெரியுமா?"

"நூறு வரைக்கும் தெரியும்."

"இன்னிக்கு மறந்துடு. எனக்கு இருபது நிமிஷம் வேணும்."

அண்ணி நிமிர்ந்தாள். "சார், இந்தக் கடிதத்துல ‘உயிரோடு ஒன்பது மீன்கள் கைப்பற்றப்பட்டன'ன்னு இருக்கு. எண்ணிப் பாக்காம கையெழுத்துப் போடச் சொல்றது முறையில்லை. வாளியைக் கொண்டுவரச் சொல்லுங்க."

"அதெல்லாம் முடியாது!" என்று நிபுணர் எழுந்தே விட்டார். "வெளிச்சம் பட்டா அந்த மீன்களுக்கு அதிர்ச்சி."

"அஞ்சு மணிக்குச் சாக்கடையில ஊத்தப் போற மீனுக்கு அதிர்ச்சி வந்தா என்ன சார்?"

இயக்குநர் யோசித்தார். அவர் யோசித்ததே அந்த அறையில் ஒரு புது விஷயம். மணியை அடித்து வாளியைக் கொண்டுவரச் சொன்னார்.

ஆள் வாளியைக் கொண்டுவந்து வைக்க, பின்னாலேயே தொட்டியம்மா ஒரு பெரிய கண்ணாடிச் சாடியோடு உள்ளே வந்தாள். மீன், தண்ணீர், மிதந்த இலை எல்லாவற்றையும் வாளியிலிருந்து சாடிக்கு மாற்றியபோது ஒரு சொட்டு சிந்தவில்லை. மாற்றி முடித்ததும் சாடியை ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். "வேற யாரோட மீனோ. நான் எதுக்குப் பாக்கணும்?" என்றாள்.

கொழுந்தன் சாடிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏய், நீ முன்னாடியே வந்தவன்தானே? இல்லையா? சரி, மூணு. நாலு, அஞ்சு. எட்டு. எட்டுதான் சார் இருக்கு!"

"ஒம்பது" என்றார் நிபுணர்.

"இருங்க, மறுபடியும். ஒண்ணு, ரெண்டு... சார், இதுங்க க்யூல நிக்க மாட்டேங்குது. நீங்க படிச்சவரு, ஒரு வார்த்தை சொல்லுங்களேன். ஆறு, ஏழு, பதினொண்ணு!"

"பதினொண்ணா!" என்று துள்ளினார் இயக்குநர்.

"இலைக்குப் பின்னாடி ஒண்ணு போயிட்டு வந்தது. அது போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை எண்ணிட்டேன். தப்பு என்மேலதான். முதல்லேருந்து."

ஐந்தாவது தடவை ஏழு வந்தது. ஆறாவது தடவை பாதியில் தும்மல் வந்தது. எட்டாவது தடவை, தன் சின்ன வயதுக் கணக்கு வாத்தியார் தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கொழுந்தன் விவரிக்க ஆரம்பித்தான். நிபுணர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "போதும், மூடுங்க! நான் ஒம்பதுன்னு எழுதித் தர்றேன்!" என்று கத்தினார்.

"தள்ளுய்யா, நான் எண்ணறேன்!" என்று பொறுமை இழந்த இயக்குநர் எழுந்து வந்தார். சாடியின்மேல் குனிந்தார். ஆள்காட்டி விரலை நீட்டினார். "ஒண்ணு. ரெண்டு. மூ..."

விரல் அப்படியே நின்றது.

"என்னய்யா இது... இதுல என்னமோ கோடு மாதிரி..."

அவர் பார்க்கப் பார்க்க, திட்டுகள் மங்கிக்கொண்டிருந்தன. மூக்கின் நுனியில் ஆரம்பித்த கறுப்பு, கண்ணைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, வாலைத் தொட்டது. முதலில் ஒன்றில், பிறகு நாலில். கொழுந்தன் எண்ணுவதை நிறுத்திவிட்டான். ஒன்பது மீன்களும் தலையைத் தூக்கிக்கொண்டு, ஸ்கேல் வைத்து இழுத்த கோட்டோடு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்ந்து நின்றன.

தொட்டியம்மா திரும்பினாள். இரண்டே எட்டில் சாடிக்கு வந்தாள்.

"வாலறுந்தான்" என்றாள். "டேய், நீயாடா!"

அவ்வளவு நேரம் ஒருத்தர் முன்னாலும் அழாதவள், சாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் மீன் இல்லைன்னு நானே சொல்லிட்டேனே! என் வாயாலயே சொல்லிட்டேனே!"

"உங்க தப்பு இல்லைம்மா" என்றாள் அண்ணி. "விளக்கு அணைஞ்சா இதுங்க பகல் உடையைக் கழட்டி வெச்சுட்டு ராத்திரி உடைக்கு மாறிடும். விளக்கு எரிஞ்சு கொஞ்ச நேரத்துல திரும்பக் கோடு வந்துடும். நீங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே எரிஞ்சுடுது, நீங்க போனப்புறம்தான் அணையுது. இந்த உலகத்துலயே இதுங்களை அதிகமாப் பாத்தவங்க நீங்க. ஆனா இருட்டுல ஒரு நாளும் பாக்க விடலை. புத்தகத்துல இருக்கிறதும் செத்த மீன். செத்த மீனுக்கு ராத்திரி ஏது?"

நிபுணர் கை தட்டினார்.

"பிரமாதம்! எனக்கே தோணலையே! நேத்து அவசரத்துல நானும் ஏமாந்துட்டேன். மனுஷன்னா தப்பு நடக்கும். சாதாரணப் பென்சில் மீன், இதுக்குப் போய் இவ்வளவு கலாட்டா! நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். கொழுந்தனும் கார் சாவியைத் தேடினான். அண்ணி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம் சார். இது சாதாரண மீனா?"

"ஆமாம்மா. பலகையில நானே எழுதியிருக்கேனே."

அண்ணி குறிப்புப் புத்தகத்தைத் திறந்து பலகையில் இருந்ததைப் படித்தாள். படித்துவிட்டு, அதன் பக்கத்தில் புகாரை வைத்தாள். "இதையும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. ‘உலகில் வெகு சிலரே உயிரோடு பார்த்திருக்கிற மிக அரிய மீன்கள்.' உங்க கையெழுத்துத்தானே?"

நிபுணரின் கை புகாரை நோக்கி நீண்டது; அண்ணி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கடைக்குக் கடை கிடைக்கிற மீனை எவனும் திருட மாட்டான். இவங்களைத் திருடி ஆக்கணும்னா முதல்ல மீனுக்கு மவுசு வேணும். அதனால, பலகையில பதினாலு மாசமா மறைச்சதைப் புகார்ல எழுதிட்டீங்க. இவங்க ஏழு தடவை சொல்லி நீங்க ஒதுக்கின விஷயம், உங்க கையாலயே, தேதி போட்டு இங்க இருக்கு."

"அது... ஏதோ கோபத்துல, வேகத்துல எழுதினது..."

"சரி. வேகத்துல எழுதினதுன்னே வெச்சுப்போம். புதன்கிழமை, ஆராய்ச்சியாளர் வர்றார்னு கேள்விப்படறீங்க. வந்தா உங்க பலகை சிரிப்பா சிரிக்கும். வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு, எட்டு மணி விளக்குக்கு முன்னாடி, தனியா வர்றீங்க. காரணம், மீன் பார்க்க. ராத்திரி உடையைப் பாத்துட்டுத்தான் போனீங்க. நேத்து அதே ஆறு மணிக்கு இயக்குநரையும் கூட்டிட்டு வந்தீங்க. ஏன் சார், அந்த ஸ்விட்சைப் போடலை?"

கொழுந்தன் பதிவேட்டின் போட்டோவை இயக்குநரின் மூக்குக்கு நேராக நீட்டினான்.

இயக்குநர் படித்தார். மெதுவாக நிபுணர் பக்கம் திரும்பினார். "நான் ஸ்விட்சைப் போடத்தான் போனேன். நீங்கதான் தடயம் கலைஞ்சுடும்னு என் கையைப் பிடிச்சீங்க."

நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "ஒரு தொட்டி கழுவற பொம்பளை" என்று ஏதோ ஆரம்பித்தவர், அறையில் இருந்த நாலு முகங்களையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சரி, சரி" என்று இயக்குநர் கையைப் பிசைந்தார். இப்போது சத்தம் அதிகம் இருந்த பக்கம் எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "நாளைக்கே வேலைக்கு வந்துடுங்கம்மா. பலகையை மாத்திடலாம். அந்த ஆராய்ச்சியாளருக்கும் நானே போன் பண்றேன். ஆனா விஷயம் வெளிய போனா காட்சியகத்துக்கே கெட்ட பேரு. ‘இரு தரப்பிலும் ஏற்பட்ட தவறான புரிதல்'னு ரெண்டே வரி எழுதறேன். நீங்க ஒரு கையெழுத்து மட்டும்..."

"மாட்டேன்" என்றாள் தொட்டியம்மா.

கண்ணீர் இன்னும் கன்னத்தில் இருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "தவறான புரிதல் என் பக்கம் எங்கங்க இருந்தது? நான் பாத்ததைச் சொன்னேன். பலகை தப்புன்னு பாத்தேன், சொன்னேன். மீன் வேற மாதிரி இருக்குன்னு பாத்தேன், அதையும் சொன்னேன். வேலையை நீங்க எனக்குத் திருப்பித் தர வேண்டாம், அது என்னோடதுதான். நாளைக்கு ஒம்பது மணிக்கு வருவேன். அதுக்கு முன்னாடி இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

அவள் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து நிபுணருக்கு முன்னால் வைத்தாள். உள்ளே மூன்று மீன்கள், திட்டுத் திட்டாக, கோடு இல்லாமல் கிடந்தன. ஒன்றின் முதுகு லேசாகக் கூனியிருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள் என்பதைக் கொழுந்தனும் பார்த்தான்.

"பாட்டில்ல மீன் போட்டா சீட்டு ஒட்டணும். இது நம்ம காட்சியகத்து விதி. நீங்க ஒட்டலை." மேஜையிலிருந்து ஓர் அச்சடித்த சீட்டை எடுத்து நீட்டினாள். இனம், நாள், சேகரித்தவர், நேரம், குறிப்பு என்று ஐந்து கட்டங்கள். "எழுதுங்க."

"நானா?"

"நீங்கதானே இனம் சொல்றவர்? சொல்லுங்க."

நிபுணர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கூரையைப் பார்த்தார். "எழுதுங்க சார்" என்றார், கூரையிடமே.

நிபுணர் பேனாவைத் திறந்தார். சாதாரணப் பென்சில் மீனின் பெயரை அவர் எழுதவில்லை. பழைய புத்தகத்தில் இருந்த, வாயில் நுழையாத அந்த இரண்டு சொற்களை எழுதினார். தொட்டியம்மா குனிந்து பார்த்துத் தலையசைத்தாள். நாளை எழுதினார். சேகரித்தவர் என்ற கட்டத்தில் பேனா நீண்ட நேரம் நின்றது. பிறகு தன் பெயரை எழுதினார், பட்டங்கள் இல்லாமல்.

"நேரம். ஆறு நாற்பது."

எழுதினார். பேனாவை மூடப் போனார்.

"குறிப்புன்னு இன்னொரு கட்டம் இருக்கு."

"அதுல என்ன எழுதணும்?" என்று கேட்ட அவருடைய குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"விளக்கு எரியவில்லைன்னு எழுதுங்க" என்றாள் தொட்டியம்மா. அவர் எழுதி முடிக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.